தெருமுனை அளவு

அலுவலகத்தில் எனக்கு மீட்டர் என்று பெயர். வானொலி நிலையத்தின் அலை எந்தத் தெருவில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஊர் ஊராகப் போய் அளப்பது என் வேலை. வேலையை வைத்து வந்த பெயர் என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வேன். மேலதிகாரி முகத்தைப் பார்த்ததும் என் குரல் மீட்டர் முள் மாதிரி சரிந்துவிடும் என்பதால் வைத்தார்கள் என்பது உண்மை. நான் தொடைநடுங்கி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

அளக்கும் வண்டி ஒரு பழைய வேன். கூரையில் நீட்டி மடக்கும் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா. தெருவில் நிறுத்துவோம், கம்பத்தை உயர்த்துவோம், கருவியில் வரும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவோம். டிரைவருக்குப் பொறுமை என்று பெயர். அவர் ஓட்டும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள்.

வேன் நுழைய முடியாத தெருக்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முனையில் நிறுத்தி அளந்து, அதையே தெரு முழுவதற்கும் எழுதிவிடுவோம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவேன். உள்ளே போகவில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட அடையாளம் அது. அலுவலகப் படிவத்தில் வட்டத்துக்கு இடம் கிடையாது. தட்டச்சாகி வரும்போது வட்டம் காணாமல் போயிருக்கும், எண் மட்டும் நிற்கும். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும்.

பழைய ஒலிபரப்பு இருந்தவரை இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலை தேய்ந்தால் பெட்டி கரகரக்கும், ஆனாலும் குரல் காதில் விழும். டிஜிட்டல் அப்படியில்லை. இருக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ஒன்றுமே இருக்காது. கெட்டுப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாது.

பழைய ஒலிபரப்பு நிற்பதற்கு நான்கு மாதம் முன்னால் கூட்டம் போட்டார்கள். பழைய ஒலிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. பள்ளமான பகுதிகளில் சின்னச் சின்னத் துணைக் கோபுரங்கள் போட வேண்டுமா, இருக்கிற கோபுரமே போதுமா என்பதுதான் கேள்வி. இயக்குநர் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "மீட்டர், சுத்தி வளைக்காம சொல்லு. துணைக் கோபுரம் வேணுமா, வேணாமா?" என்றார்.

வேண்டாம் என்ற பதில் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பைக்குள் இருந்த நோட்டில் பத்தொன்பது வட்டங்கள் இருந்தன. "சமாளிச்சிடலாம் சார்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் கோபுரங்கள் போயின. அறிக்கையின் ஒரு பிரதி பேரிடர் அலுவலகத்துக்குப் போனது. வானொலி கேட்காத தெருக்களுக்கு மட்டும் ஒலிபெருக்கி வண்டி அனுப்பினால் போதும் என்று அவர்கள் அதை வைத்துத் திட்டம் போட்டார்கள்.

என் அக்கா தையல்காரி. ஆற்றோரம் சரிவு முடிகிற இடத்தில், இரண்டு ஆள் ஒதுங்கினால் சுவரில் முதுகு உரசுகிற ஒரு தெருவில் வீடு. முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் அத்தான். அத்தான் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாகப் படுத்திருந்தார். அந்தத் தெருவையும் நான் முனையில் வைத்துத்தான் அளந்தேன். அளந்து முடித்து அக்கா வீட்டுக்கு நடந்துபோய் டீ குடித்தேன். கைக்கருவி தோள்பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. டீ சூடாக இருந்தது, பேச்சு சுவையாக இருந்தது, எடுக்கவில்லை.

புது ரேடியோ ஒன்று வாங்கிக்கொடுத்தேன். டிஜிட்டல் கிடைத்தால் பச்சை விளக்கு எரியும். கிடைக்காவிட்டால் அது தானாகப் பழைய அலைக்குத் தாவிக்கொள்ளும், அப்போது ஆரஞ்சு விளக்கு. இதையெல்லாம் அக்காவிடம் விளக்கவில்லை. பெருமை மட்டும் அடித்துக்கொண்டேன்.

"அவசர அறிவிப்பு வந்தா, ஆஃப் பண்ணி வெச்சிருந்தாக்கூட அதுவே எழுந்து கத்தும்க்கா. அது ஒண்ணும் சொல்லலேன்னா, ஒண்ணும் இல்லேன்னு நிம்மதியா இரு."

எங்கள் துண்டுப் பிரசுரத்திலும் இதே வாக்கியம்தான், நான் எழுதிக்கொடுத்தது.

பிறகொரு நாள் ஃபோனில் பேசும்போது அக்கா சொன்னாள்: "ரேடியோ அருமையாப் பாடுதுடா. அந்த ஆரஞ்சு லைட்டு இருக்கே, மெஷின் பக்கத்துல எரியறதப் பாத்தா ஆள் துணை இருக்கற மாதிரி இருக்கு." சந்தோஷம்க்கா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பழைய ஒலிபரப்பை நிறுத்தும் நாள் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தள்ளிப்போடலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். விருந்தினர்களுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார் இயக்குநர். மழைக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்பியிருக்கலாம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினார்கள், கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். அறிவிப்பாளர் அம்மா கையில் ஒரு தாளோடு ஸ்டுடியோவுக்குள் ஓடினார். கூடத்தில் இருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. அணை நிரம்பிவிட்டது, நான்கு மணிக்கு எல்லா மதகுகளும் திறக்கப்படும், ஆற்றோரத் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போக வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிவான குரல். "பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!" என்று இயக்குநர் விருந்தினர்களிடம் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஆரஞ்சு விளக்கு எனக்கு நினைவு வந்தது.

அக்கா வீட்டில் ஒரு நாள்கூட டிஜிட்டல் வந்ததே இல்லை. இத்தனை நாளும் அந்தப் பெட்டி பழைய அலையில்தான் பாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதையும் நாங்கள் கை தட்டி நிறுத்திவிட்டோம்.

ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். அத்தான் ஃபோனும் அப்படித்தான்.

இயக்குநர் நான்கடி தூரத்தில் நின்றார். அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அறிக்கை பொய் என்றாகும், வேலை போகும், வழக்கு வரும். அந்த நேரத்திலும் என் மூளை இந்தக் கணக்கைத்தான் போட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. யாரிடமும் மூச்சுவிடாமல் வெளியே போய் வேனில் ஏறினேன்.

"அக்கா வீட்டுக்குப் போங்கண்ணே. சீக்கிரம்."

பொறுமை என் முகத்தைப் பார்த்தார். அதுவரை பார்த்திராத வேகத்தில் வண்டியை எடுத்தார்.

வேனின் டாஷ்போர்டில் ஒரு டிஜிட்டல் ரேடியோ உண்டு. வழியெல்லாம் அறிவிப்பாளர் அம்மா அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். மேட்டுச் சாலைகளில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள், அக்கா கிளம்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாலத்தில் ஏறும்போது ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக, கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. மதகு இன்னும் திறக்கவில்லை.

அக்கா தெருமுனையில் வண்டி நின்றது. ரேடியோவில் குரல் கணீரென்று வந்தது. நான் கைக்கருவியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். முதல் வீட்டுக்கு எதிரே எண் பாதியானது. நான்காவது வீட்டைத் தாண்டியதும் கருவி ஒன்றுமில்லை என்று காட்டியது. தெரு அங்கிருந்து சரிந்து இறங்குகிறது, ஒரு பக்கம் புது அடுக்குமாடியின் முதுகுச் சுவர் மலை மாதிரி மறைக்கிறது. நாற்பது வீடுகள். எந்த வீட்டுக் கதவிலும் பூட்டு இல்லை. ஒருவர்கூடக் கிளம்பவில்லை. ஒரு வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

அக்கா மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரேடியோ, விளக்கு இல்லாமல், வாயை மூடிக்கொண்டு இருந்தது.

"என்னடா இந்த நேரத்துல? தலையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றாள்.

"அக்கா, கிளம்பு. நாலு மணிக்கு அணையத் திறக்கறாங்க. அத்தானத் தூக்கணும்."

அவள் சிரித்தாள். "யாரோ உன்னையும் பயமுறுத்திட்டாங்களா? மேலத்தெருவுல யாரோ சொன்னாங்கன்னு பக்கத்து வீட்டு டீச்சரம்மா பெட்டிய கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. நான்தான் உக்கார வெச்சேன். ரேடியோ ஒண்ணும் சொல்லல, என் தம்பி அங்கதான் வேலை பாக்கறான், இந்தத் தெருவ அவனே வந்து அளந்துட்டுப் போனான், பாட்டு நின்னிருந்தாலும் ஆபத்துன்னா அதுவே எழுந்து கத்தும்னு சொன்னேன். தெருவே நிம்மதியாப் போய்ப் படுத்துச்சு."

என் பொய்யை அக்கா வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், என்மேல் இருந்த நம்பிக்கையில். அவள் இல்லாவிட்டால் இந்த ஜனங்கள் அரை மணி நேரத்துக்கு முன்பே மேடேறியிருப்பார்கள்.

"அது கத்தாதுக்கா" என்றேன். "இங்க அலையே வரல. நான் முனையிலதான் அளந்தேன். உள்ள வந்து அளக்கல."

மெஷின் நின்றது. அக்கா கழுத்தில் கிடந்த டேப்பைக் கையால் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"வாசல்ல நிக்கறவன அளந்துட்டு, உள்ள படுத்திருக்கறவனுக்குச் சட்டை தெச்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து வாசலுக்குப் போனாள்.

படியில் ஏறி நின்று அவள் போட்ட சத்தம் என் ஆயுசுக்கும் மறக்காது. "எல்லாரும் கெளம்புங்க! ரேடியோவ நம்பாதீங்க! என் தம்பி தப்பா அளந்துட்டான்! நாலு மணிக்குத் தண்ணி வருது! கெளம்புங்க!" டீச்சரம்மா கட்டிய பெட்டியோடு முதலில் வெளியே வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பொறுமை அத்தானை முதுகில் சுமந்து சரிவில் ஏறினார். "தம்பி, கால் இடிக்குது, மெதுவா" என்று அத்தான் முனகினார். "இன்னைக்கு மட்டும் மெதுவா கேக்காதீங்க சார்" என்றார் பொறுமை. நாங்கள் கதவுகளைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, ஒரு தொட்டிலைத் தூக்கி, எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பாதையில் ஏற்றிவிட்டபோது மூன்றே கால்.

வேனுக்குள் உட்கார்ந்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அக்காவும் அத்தானும் வேனில் பத்திரம். கதவைச் சாத்தினேன்.

"எங்க தெரு மட்டும்தானா?" என்று அக்கா கேட்டாள்.

இருக்கைக்கு நடுவில் என் நோட்டு கிடந்தது. அவளே எடுத்தாள். தையல்காரி, அளவு நோட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் தெருவின் எண்ணைக் கண்டுபிடித்தாள், அதன் பக்கத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைத் திருப்பினாள். விரல் ஒவ்வொரு வட்டத்திலும் நின்று நின்று போனது.

"இதுல ஆத்தோரம் எத்தனை?"

"உங்க தெருவோட சேத்து ஏழு."

"மீதி ஆறு தெருவுல உனக்கு அக்கா இல்ல. அதனால சும்மா உக்காந்திருக்கியா?"

வேனில் நிலையத்தோடு பேச வயர்லெஸ் உண்டு. வழியெல்லாம் அது என் முழங்காலுக்கு எதிரேதான் இருந்தது. அக்கா அதை எடுத்து என் கையில் திணித்தாள். பொத்தானை இரண்டு முறை தவறவிட்டேன்.

"சார், என் அறிக்கை தப்பு" என்றேன். "ஆத்தோரத்துல ஏழு தெருவுக்கு அலை போகல. முனையில அளந்து எழுதிட்டேன். அங்க யாருக்கும் அறிவிப்பு போயிருக்காது. ஒலிபெருக்கி வண்டியும் போயிருக்காது. தெருப் பேரைச் சொல்றேன், எழுதிக்கங்க."

அந்தப் பக்கம் இயக்குநரின் குரல் வந்தது. "மீட்டர், யோசிச்சுப் பேசு. இதெல்லாம் பதிவாகும்."

"பதிவாகட்டும் சார். பழைய ஒலிபரப்ப மறுபடி ஏத்துங்க. அங்க இருக்கற பெட்டிங்க அதுலதான் பேசும்."

"கேபிளக் கழட்டியாச்சு. மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல."

"மாட்டச் சொல்லுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நான்காவது பெயரைச் சொல்லும்போது அவர் குரலும் சரிந்துவிட்டது.

அத்தானைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மிக அருகில் இருந்த வட்டமிட்ட தெருவுக்கு வண்டியை விட்டோம். அதே மாதிரி முனை, அதே மாதிரி குறுகல். ரேடியோவில் அதே தெளிவான குரல், பத்தடி உள்ளே அதே அமைதி. அக்கா இடது பக்க வீடுகள், நான் வலது பக்கம். பொறுமை தெருக்கோடிக்கு ஓடினார். மணி மூன்று முப்பத்தைந்து. ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். கையில் கரண்டி.

"ரேடியோ ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றார்.

"சொல்லாதும்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன். கெளம்புங்க."

ஒவ்வொரு கதவிலும் இதைத்தான் சொன்னேன். ஏழெட்டுக் கதவு ஆனதும் குரல் கட்டிக்கொண்டது. நான்கு மணிக்குள் இத்தனை கதவா என்று எண்ணியபடி அடுத்ததைத் தட்டினேன். மற்ற ஐந்து தெருக்களை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

மூன்றே முக்காலுக்கு, நான் தட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கதவு திறந்தது. அலமாரியில் இருந்த ரேடியோவில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் அம்மா இரைச்சலுக்கு நடுவே ஏழு தெருக்களின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார். கேபிளை மாட்டிவிட்டார்கள். தெரு முழுக்கக் கதவுகள் நான் தட்டாமலே திறந்தன. அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நான்கு மணிக்கு மதகைத் திறந்தார்கள். நான்கரைக்குள் அக்காவின் தையல் மெஷின் இருந்த அறையில் கூரைவரை தண்ணீர்.

ஏழு தெருக்களிலும் ஒருவர் மட்டும் வெளியே வரவில்லை. கடைசித் தெருவில் தனியாக இருந்த ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். பழைய அலையால் ஆன் பண்ணி வைத்த பெட்டியில் பேச முடியும், அணைத்து வைத்த பெட்டியை எழுப்ப முடியாது. எழுப்பும் சக்தி டிஜிட்டலுக்குத்தான் உண்டு, அது அங்கே போகவில்லை. அவர் பகலில் சற்றுக் கண்ணயரும் பழக்கம் உள்ளவராம். ரேடியோவை அணைத்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். எங்கள் துண்டுப் பிரசுரம் நனைந்து ஊறிப்போய் அதன் அடியில் ஒட்டியிருந்தது என்று மீட்புப் படையினர் சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. ஒரு வருடம் இடைநீக்கம். திரும்ப வேலையில் சேர்ந்த அன்று இயக்குநர் அதே அறையில் கோபுரத்தைப் பற்றியே கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

"துணைக் கோபுரம் எங்கெங்க வேணும்?"

"உள்ள போய் அளந்துட்டு வந்து சொல்றேன் சார்."

இப்போது வேன் முனையில் நிற்கும், நான் நடப்பேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நீங்கள் தூங்கும்போது தலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவர்கள் காட்டும் இடத்தில், தலையணைக்குப் பக்கத்தில் கருவியை வைத்து, எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.